கேம் திக்குதுப்பா!

ஆபீஸில் ஆணி எல்லாம் பிடுங்கி முடித்து, சில்க் போர்டு டிராபிக்கைத் தாண்டி வீடு வந்து சேரும்போது மணி எட்டரை. ஷூவைக் கழற்றக்கூட விடவில்லை, பையன் வந்து நின்றான்.

"அப்பா, கேம் ரொம்பத் திக்குது. கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்."

"எவ்வளவுடா ஆகும்?"

"ஓரளவு நல்லதா வாங்கினா முப்பத்தஞ்சாயிரம்."

தங்கமணி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஒன்றும் சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும் :-) நானும் களைப்பில், "பரீட்சை வர்ற நேரத்துல புதுக் கார்டுக்குச் சாக்கு தேடாதே" என்று சொல்லிவிட்டேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "சாக்கு இல்லப்பா, நெசமாவே திக்குது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

சாப்பிடும்போது அந்தச் 'சாக்கு' என்ற வார்த்தை எனக்கே உறுத்தியது. காரணம் இருக்கிறது. இதே பெங்களூரில், இதே கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில், நான் எங்கப்பாவிடம் ஒரு சாக்கு சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் கொசுவர்த்தியைக் கொஞ்சம் பெரிதாகவே சுற்றவேண்டியிருக்கிறது. ஏனென்றால் திக்குகிற படத்துக்கும் பெங்களூருக்கும் தமிழனுக்கும் உள்ள தொடர்பு, கம்ப்யூட்டருக்கு முந்தையது.

கையால் சுற்றிய காலம்

திரையில் எதுவும் நகர்வதில்லை. அசையாத படங்களை வரிசையாக, வேகமாகக் காட்டினால் நம் கண் அதை நகர்வாக எடுத்துக்கொள்கிறது. அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதுதான் ஃப்ரேம் ரேட், பசங்க பாஷையில் எஃப்.பி.எஸ்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் 'கீசக வதம்'. 1910களின் பின்பாதியில் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம். அதில் எனக்குப் பிடித்த தகவல் இது: படப்பிடிப்பு சென்னையில், ஆனால் ஃபிலிம் கழுவியது பெங்களூரில். சென்னை வெயிலுக்கு ஃபிலிம் கழுவுவது சரிப்படாது என்று குளிர்ச்சியான பெங்களூரில் லேப் வைத்திருந்தார். வார இறுதியில் ரயிலேறி வந்து, கழுவிக்கொண்டு போவாராம். நம்மில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து எதிர்த்திசையில் ஓடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சூடு ஃப்ரேமுக்கு எதிரி என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். சுற்றுகிறவர் கை வேகம் மாறினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், இல்லையென்றால் ஊர்வார்கள். 1920களின் கடைசியில் பேசும்படம் வந்தது. வேகம் மாறினால் குரலும் மாறிவிடும் என்பதால் நொடிக்கு 24 ஃப்ரேம் என்று ஒரு கணக்கில் நிறுத்தினார்கள். நொடிக்கு 24 இன்றும் சினிமாவின் கணக்கு.

புளியோதரையும் தோசையும்

சரி, 24 ஃப்ரேமில் சினிமா நன்றாக ஓடுகிறதே, கேம் மட்டும் ஏன் 60 கேட்கிறது?

சினிமா என்பது கட்டிக்கொண்டு வந்த புளியோதரை. எல்லா ஃப்ரேமும் ஏற்கனவே தயார், எடுத்துப் பரிமாறினால் போதும். கேம் என்பது சுடச்சுடத் தோசை. நீங்கள் மவுசை அசைத்த பிறகுதான் அடுத்த ஃப்ரேமில் என்ன இருக்கவேண்டும் என்பதே தெரியும். அதன் பிறகு வார்த்து எடுக்கவேண்டும். நொடிக்கு 60 என்றால் ஒரு தோசைக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்டு. 144 என்றால் ஏழு மில்லி செகண்டுக்கும் குறைவு.

இந்தச் சமையலறையில் ப்ராசசர்தான் மாவு கரைத்துக் கொடுக்கிறவர். யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்ந்தது, என்னென்ன வரையவேண்டும் என்று பட்டியல் போடுவது அவர் வேலை. கிராபிக்ஸ் கார்டு தோசைக்கல். ராம் என்பது சாமான் அடுக்கி வைத்த மேடை. இதில் எது தாமதமானாலும் தோசை தாமதம்தான். மாவு வராமல் கல் சும்மா காய்ந்துகொண்டிருந்தால், பக்கத்தில் முப்பத்தஞ்சாயிரத்துக்கு இன்னொரு கல் வாங்கிப் போட்டு என்ன பிரயோசனம்?

கேம் திக்குவதன் வரலாறு என்பது, ஒவ்வொரு காலத்திலும் இந்தச் சமையலறையில் யார் தாமதம் செய்தார்கள் என்ற கதைதான்.

மாறிக்கொண்டே வந்த குற்றவாளிகள்

1978-ல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். அதில் இருந்த இன்டெல் 8080 ப்ராசசரால் திரை நிறைய இருந்த எதிரிகளை வேகமாக நகர்த்த முடியவில்லை. ஆட்டக்காரர் ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, வேலை குறைந்து, மிச்சம் இருப்பவர்கள் வேகமாக வர ஆரம்பித்தார்கள். இதைக் கண்டவர் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார். ஆட்டம் போகப்போகச் சூடு பிடித்ததே இந்தக் குறையால்தான்.

1993-ல் 'டூம்' வந்தது. அதன் உச்சவரம்பே நொடிக்கு 35 ஃப்ரேம். அப்போதைய வி.ஜி.ஏ. திரை நொடிக்கு 70 தடவை புதுப்பித்தது, அதில் சரிபாதி. 386 கம்ப்யூட்டரில் அந்த 35-ஐயே தொட முடியாது, திரையைச் சின்னதாக்கிக்கொண்டு ஆடினார்கள்.

1996-ல் 'குவேக்'. இங்கேதான் ஒரு பாடம். அன்றைக்கு பென்டியத்தை விட விலை குறைவாக சைரிக்ஸ் ப்ராசசர் கிடைத்தது. ஆபீஸ் வேலைகளில் பென்டியத்துக்குச் சளைத்ததல்ல. ஆனால் குவேக், தசம எண் கணக்கை மிக அதிகமாகப் பயன்படுத்தியது. பென்டியத்தில் அந்தக் கணக்குப் பிரிவு பலமாக இருந்தது, சைரிக்ஸில் பலவீனம். ஒரே ஒரு கேம் வந்து, அதுவரை நல்ல பேர் வாங்கியிருந்த ப்ராசசரின் மானத்தை வாங்கிவிட்டது. "வேகமான கம்ப்யூட்டர்" என்று பொதுவாக ஒன்று கிடையாது, எந்த வேலைக்கு வேகம் என்று கேட்கவேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அதே 1996-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே தனிக் கல்! சாதாரணப் படத்துக்கு வேறொரு கார்டும் வேண்டும். அந்தக் கார்டில் இருந்து ஒரு வயரை எடுத்து வூடூவில் சொருகி, வூடூவில் இருந்து மானிட்டருக்குக் கொண்டு போகவேண்டும். 1999-ல் என்விடியா, ஜீஃபோர்ஸ் 256 கார்டை வெளியிட்டபோது 'ஜி.பி.யு.' என்ற பேரை ஊரெங்கும் பரப்பியது. 2000 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியாவே வாங்கிக்கொண்டது. கேம் திக்கினால் "கார்டை மாத்து" என்று சொல்லும் பழக்கம் இந்தச் சில வருடங்களில் வந்ததுதான். அன்றைக்கு அது பெரும்பாலும் சரியான பதிலாகவும் இருந்தது.

எஸ்.பி. ரோடு காலம்

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு. 1997-ல் நம் அரசு தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் சாமான்களின் சுங்க வரியைப் படிப்படியாகக் குறைக்க ஆரம்பித்தது. சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ, பெங்களூருக்கு டவுன் ஹால் பக்கத்து எஸ்.பி. ரோடு அப்படி. கம்பெனி கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் எல்லாம் அங்கேதான் ஒவ்வொரு பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தோம்.

பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். 1999-ல் வந்த இன்டெல் 810 சிப்செட்டில் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்தது. மெமரியை மெயின் ராமில் இருந்தே கடன் வாங்கிக்கொள்ளும். கொடுமை என்னவென்றால், 810 போர்டில் ஏ.ஜி.பி. ஸ்லாட்டே கிடையாது. பிற்பாடு காசு சேர்த்து ஏ.ஜி.பி. கார்டு போடலாம் என்றாலும் வழியில்லை. 2002-ல் 845ஜி வந்தபோது, உள்ளே கிராபிக்ஸும் இருந்தது, வெளியே ஸ்லாட்டும் இருந்தது. எங்கள் அறைக்கு வந்தது அதுதான்.

மடிவாளாவில் ஐந்து பேச்சிலர்கள், ஒரு அறை, ஒரு பென்டியம் 4. 2003 என்று ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து கார் பந்தயம். ஆரம்பத்தில் நன்றாக ஓடும். பத்து நிமிஷம் ஆனதும் கார் தத்தித் தத்திப் போகும். "ஆன்போர்டு கிராபிக்ஸ்ல இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கற? கார்டு போடுடா" என்றார்கள் எல்லாரும். எனக்கும் அதுதான் ஆசை.

தீபாவளிக்கு வீட்டுக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்த பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம் எடுத்து, எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜீஃபோர்ஸ் எம்.எக்ஸ். 440 வாங்கினேன். எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அப்பாவுக்குப் போன் போட்டு, "இந்த மாசம் சம்பளம் லேட்டுப்பா" என்றேன். "அதுக்கென்ன, பாத்துக்கலாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கார்டைப் போட்டோம். படம் முன்னைவிட அழகாக வந்தது. சரியாகப் பத்தாவது நிமிஷம், கார் மறுபடி தத்தியது.

நாலு நாள் கழித்து, அறை நண்பன் ஒருவன் கேபினெட்டைத் திறந்து பார்த்தான். ப்ராசசர் மேல் இருந்த ஃபேனுக்குக் கீழே கம்பளி போர்த்தியது மாதிரி தூசி. வாசலில் ஒரு வருஷமாக ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள், அத்தனை மண்ணும் உள்ளே. பென்டியம் 4-ல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. சூடு எல்லை மீறினால் கருகிப் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிஷம் என்பது அது சூடாக எடுத்துக்கொண்ட நேரம். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினோம். அதன் பிறகு திக்கவே இல்லை. பரிசோதனைக்காகக் கார்டைக் கழற்றிவிட்டு ஆன்போர்டிலும் ஓட்டிப் பார்த்தோம். அழகு குறைவு, ஆனால் தத்தவில்லை.

நாலாயிரம் ரூபாய்க்கு நான் தீர்க்க நினைத்த பிரச்சினை ஒரு பிரஷ்ஷில் தீர்ந்தது. அந்தத் தீபாவளிக்கு வீட்டில் எனக்கு மட்டும் புதுச்சட்டை எடுத்து வைத்திருந்தார்கள். அப்பா பழைய வேட்டிதான் கட்டியிருந்தார். உண்மையைக் கடைசி வரை சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்றால் அவர் இல்லை.

சராசரி சொன்ன பொய்

அடுத்த திருப்பம் 2011-ல். அதுவரை எல்லாரும் சராசரி எஃப்.பி.எஸ்.ஸை வைத்தே கார்டுகளை எடை போட்டார்கள். அமெரிக்காவில் ஸ்காட் வாசன் என்ற விமர்சகர், ஒரு நொடிக்குள் நடப்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று எழுதினார்.

கணக்கு சுலபம். ஒரு நொடியில் 60 ஃப்ரேம். அதில் 59 ஃப்ரேம் தலா 13.5 மில்லி செகண்டில் வந்துவிட்டது, ஒன்று மட்டும் 200 மில்லி செகண்டு எடுத்துக்கொண்டது. சராசரி என்னவோ அதே 60தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு வெட்டு. பந்தியில் 59 பேருக்குச் சுடச்சுடப் போட்டுவிட்டு ஒருத்தரை மட்டும் கால் மணி நேரம் காக்க வைத்தால், வெளியே போய் அவர் என்ன சொல்வார்?

இதன் விளைவாக, இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் போட்ட கம்ப்யூட்டர்களில் ஃப்ரேம்கள் சீரில்லாமல் வருவது வெளிச்சத்துக்கு வந்தது. 2013-ல் ஏ.எம்.டி. அதைச் சீராக்க டிரைவர் வெளியிட்டது. பசங்க இப்போது "ஒன் பர்சன்ட் லோ" என்று பேசுவது இந்த மரபில்தான். நூறில் மிக மோசமான அந்த ஒரு பங்கு ஃப்ரேம் எப்படி வந்தது என்பதைக் காட்டும் எண் அது.

பெங்களூருக்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. 1997-ல் ராஜேஷ் ராவ் இங்கே துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்று. 2019-ல் அதை ராக்ஸ்டார் 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் பெங்களூர் கிளையோடு சேர்த்துக்கொண்டது. 2008-ல் வந்த இன்டெல்லின் ஆறு கோர் ஜியான் ப்ராசசரை வடிவமைத்ததும் பெங்களூர் அணிதான். என்விடியாவும் ஏ.எம்.டி.யும் இங்கே பெரிய அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் பிள்ளை திட்டிக்கொண்டே அப்டேட் செய்கிற டிரைவரில், வெளிவட்டச் சாலையில் டிராபிக்கில் மாட்டிய ஒரு தமிழ்க்காரரின் ஒரு வரி இருந்தாலும் ஆச்சரியமில்லை :-)

குற்றவாளி பிடிபட்டான்

சாப்பிட்டு முடித்து பையன் அறைக்குப் போனேன். "சரி வா, கார்டா வேற எதாவதான்னு முதல்ல பாத்துடலாம்" என்றேன். நம்பாமல் பார்த்தான், ஆனால் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான்.

முதல் கேள்வி: எல்லாமே திக்குதா, இல்லை ஆன்லைன் ஆட்டம் மட்டும்தானா? ஆன்லைனில் மட்டும் எதிராளி துள்ளித் துள்ளி வந்தால் அது நெட் பிரச்சினை, கார்டு அம்பானி வீட்டில் இருந்து வந்தாலும் தீராது. இங்கே தனியாக ஆடும் கேமும் திக்கியது.

இரண்டாவது: சூடு. பழைய அடி! அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். சூடு அளவோடுதான் இருந்தது. திக்கலும் முதல் நிமிஷத்தில் இருந்தே இருந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். கேமில் ரெசல்யூஷனைக் குறைக்கச் சொன்னேன். கார்டுக்கு வேலை பாதியாகக் குறையும். கார்டுதான் குற்றவாளி என்றால் எஃப்.பி.எஸ். எகிற வேண்டும். எகிறவில்லை. முன்பும் 80 சொச்சம், இப்போதும் 80 சொச்சம். கார்டு 55 சதவீதம்தான் வேலை செய்தது. தோசைக்கல் சும்மா காய்கிறது!

ப்ராசசர் மொத்தக் கணக்கில் 40 சதவீதம் என்று காட்டியது. "அதுவும் சும்மாதானப்பா இருக்கு" என்றான். மொத்தக் கணக்கை நம்பக்கூடாது, கோர் கோராகப் பார் என்றேன். ஒரு கோர் மட்டும் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, மாவு கரைக்கும் பக்கம்தான் கோளாறு.

"எப்ப இருந்துடா திக்குது?"

யோசித்தான். "ஆயுத பூஜைக்கு அப்புறம்தான்ப்பா."

எனக்குத் திக்கென்றது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைப் பிரித்து, தூசி தட்டி, துடைத்து, கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது சாட்சாத் அடியேன்தான்.

திறந்து பார்த்தோம். இரண்டு ராம் குச்சிகளையும் அக்கம்பக்கத்து ஸ்லாட்டில் சொருகி வைத்திருந்தேன். எங்கள் போர்டில் ஒன்று விட்டு ஒன்று, இரண்டாவதிலும் நாலாவதிலும் போடவேண்டும். அப்போதுதான் இரண்டும் தனித்தனிப் பாதையில் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பக்கத்தில் போட்டால் இரண்டுக்கும் ஒரே பாதை. போதாக்குறைக்கு, சுத்தம் செய்தபோது போர்டின் பட்டன் பேட்டரியையும் கழற்றித் துடைத்திருந்தேன். அதில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பி, 3200 வேகத்தில் ஓடவேண்டிய ராம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தது.

குச்சியை இடம் மாற்றினோம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை மறுபடி போட்டோம். ஐந்து நிமிஷம், செலவு பூஜ்யம். 80 சொச்சம் 110 ஆனது. அந்த மோசமான ஒரு பங்கு அதைவிட நன்றாகத் தேறியது. திக்கல் போயே போச்சு.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான் என்பது மட்டும் தெரிந்தது. "சாக்கு சொல்றேன்னு சொன்னேன்ல, தப்புதான்" என்றேன். "பரவால்லப்பா" என்றான். பிறகு, "அடுத்த ஆயுத பூஜைக்கு நான் கழட்டறேன், நீங்க சந்தனம் மட்டும் வைங்க" என்றான்.

அவனிடம் 2003 கதையைச் சொன்னேன், தீபாவளிப் பணம் உட்பட. "தாத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். சம்பளம் லேட் என்று சொன்ன மாதத்தில், "ஏன் லேட்டு" என்று கேட்காத அப்பா அவர் ஒருவர்தான்.

தங்கமணியிடம் முப்பத்தஞ்சாயிரம் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். "கெடுத்தது நீங்கதானே?" என்றார்.

வெளியூரில் பிள்ளைகளோடு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ கேம் திக்குது என்று வந்து நின்றால், பர்ஸை எடுக்கவும் வேண்டாம், பாட்டு விடவும் வேண்டாம். எப்போதிருந்து, அதற்கு முந்தின நாள் என்ன மாறியது என்று கேட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கார்டைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.